தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து மேசையைப் பதினெட்டு வருடமாக ஆயத்தம் செய்கிறேன். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சில நாள் மனம் வாடுகிறது. அந்தரங்கமாகச் செய்யச் சொன்ன ஆண்டவரின் ஊழியத்தில் இப்படி நினைப்பது பாவமா?

பாவமில்லை, சகோதரி. மனுஷர் காணவேண்டும் என்பதற்காகவே செய்வதைத்தான் மத்தேயு 6:1 கண்டிக்கிறது. உங்களுக்கு இருப்பது களைப்பு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: இனி ஒருபோதும் நன்றி வராது என்று உறுதியாகத் தெரிந்தாலும் அடுத்த ஞாயிறு விரிப்பை அதே கவனத்தோடு மடிப்பீர்களா? மடிப்பீர்கள் என்றால் நோக்கம் பழுதாகவில்லை.

இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானா ஊர்க் கலியாணத்தைப் பாருங்கள். ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குடம் பிடிக்கும் என்கிறார் யோவான். அந்தக்கால அளவில் ஒரு சாடிக்கு ஏறக்குறைய 80 முதல் 120 லிட்டர். ஆக மொத்தம் சுமார் 500 லிட்டராவது மொண்டு ஊற்றியிருக்கிறார்கள். பெயர் தெரியாத வேலைக்காரர்கள், அதுவும் விளிம்புவரை. முக்கால் சாடியோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனைத்தான் புகழ்ந்தான். ஆனால் திராட்சரசம் எங்கிருந்து வந்தது என்று தண்ணீர் மொண்டவர்களுக்குத் தெரியும் என்று 2:9-ல் யோவான் மறக்காமல் எழுதி வைத்தார். மேசைக்கு அருகில் நிற்பவருக்குக் கிடைப்பது அந்த அறிவு.

இதைச் சொல்லிச் சபை தப்பித்துக்கொள்ளக் கூடாது. அந்தரங்கம் செய்கிறவருக்குச் சொன்ன கட்டளை. கண்டும் காணாமல் இருக்க மற்றவர்களுக்குக் கொடுத்த அனுமதி அல்ல. ரோமர் 16-ல் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். கடிதத்தைக் கையால் எழுதிய தெர்தியுவும் 22-ஆம் வசனத்தில் தன் பெயரில் வாழ்த்துகிறார்.

கேள்வி: பிரசங்கம் செய்பவருக்கும் நாற்காலி அடுக்குபவருக்கும் ஒரே பலனா?

1 சாமுவேல் 30 வாசியுங்கள். தாவீதோடு யுத்தத்துக்குப் புறப்பட்ட 600 பேரில் 200 பேர் களைத்துப்போய்ப் பேசோர் ஆற்றண்டையில் தங்கிவிட்டார்கள். யுத்தத்துக்குப் போனவனுக்கும் மூட்டைமுடிச்சுகளண்டையில் இருந்தவனுக்கும் கொள்ளையில் சரிபங்கு என்று தாவீது தீர்த்தான். அதையே இஸ்ரவேலில் பிரமாணமாக்கினான்.

கேள்வி: ஆலய வேலை முழுவதும் என் தலையில். உதவி கேட்டால் செய்ததைச் சொல்லிக்காட்டுவது போலாகுமோ என்று தயக்கமாக இருக்கிறது.

தயங்காமல் கேளுங்கள். அப்போஸ்தலர் 6-ல் விதவைகள் பந்தியில் விடப்பட்டதாக முறுமுறுப்பு வந்தபோது, அப்போஸ்தலர் யாரையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். ஒருவரே சுமக்கும் வேலை, அவர் காய்ச்சலில் படுத்த அன்றே நின்றுபோகும். அதுதான் பெரிய ஆபத்து.

ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். முதல் மாதம் அவர் பார்க்கட்டும். இரண்டாம் மாதம் அவர் செய்ய நீங்கள் பாருங்கள். உங்கள் கைக்கு மட்டும் தெரிந்ததை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ‘விரிப்பைத் துவைக்கவும்’ என்று மட்டும் எழுதினால் போதாது. திராட்சரசம் சிந்தினால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி, உடனே குளிர்ந்த நீரில் அலச வேண்டும். தேய்த்தால் கறை பரவும், முதலிலேயே வெந்நீர் பட்டால் நிலைத்துவிடும். மெழுகு சொட்டினால் இறுகும்வரை விட்டு, மொண்ணைக் கத்தியால் சுரண்டி, மேலும் கீழும் மை இல்லாத உறிஞ்சுதாள் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட வேண்டும். தாளில் எண்ணெய்த் தடம் விழாதவரை தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் துவைப்பு. செய்தித்தாளை வைத்தால் வெள்ளை விரிப்பில் எழுத்தின் மை ஏறிவிடும். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள், இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.