ஒரு வீடு, ஆறு சாவி: வாசகர் கேள்வி – பதில்

தனி வீட்டு வாடகை ஒருவர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாததால், சென்னையில் ஒரே ஃப்ளாட்டை நாலைந்து பேர் சேர்ந்து எடுப்பது சாதாரணமாகிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டை எப்படி அமைப்பது என்று வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பெருங்குடியில் 1,150 சதுர அடி, மூன்று பெட்ரூம் ஃப்ளாட் வைத்திருக்கிறேன். அட்டாச்டு பாத்ரூம் ஒன்று, பொது பாத்ரூம் ஒன்று. வேலைக்குப் போகிறவர்கள் ஆறு பேருக்கு விடலாம் என்றிருக்கிறேன். ஹாலை ஜிப்சம் போர்டு வைத்துத் தடுத்து நாலாவது ரூம் எடுக்கலாமா?
– வீட்டு உரிமையாளர், பெருங்குடி

வேண்டாம். ஹாலைத் தடுத்தால் ஜன்னலே இல்லாத ஓர் அறை கிடைக்கும். எல்லோரும் சேர்ந்து உட்கார இடம் இருக்காது. ஆளுக்கொரு கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் யாரும் அதிக நாள் தங்குவதில்லை.

முதலில் இருக்கிற அறைகளை அளந்து பாருங்கள். வசிக்கும் அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் (சுமார் 102 சதுர அடி), அகலம் 2.4 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு. இரண்டு பேருக்குக் கட்டில், அலமாரி, மேஜை போட 10-க்கு 12 அடியாவது வேண்டும். அதைவிடச் சின்ன அறையை ஒருவருக்கே விடுங்கள். ஆறு பேர் ஐந்தாகலாம், பரவாயில்லை.

பணத்தைப் போட வேண்டிய இடம் பாத்ரூம். இந்த மாதிரி வீட்டை அளக்க வேண்டிய நேரம் காலை ஏழரை மணி. பல் தேய்க்க, கக்கூஸ் போக, குளிக்க என்று ஒருவருக்கு 24 நிமிஷம் வைத்துக்கொண்டால் ஆறு பேருக்கு 144 நிமிஷம். இரண்டு பாத்ரூம், ஒன்றரை மணி நேரம் என்றால் 180 நிமிஷம் கையில் இருக்கிறது. கணக்குப்படி போதும். ஆனால் எல்லோருக்கும் ஒரே கேப், ஒரே ரயில் என்றால் போதாது. ஒருவர் பல் தேய்ப்பதற்காக ஒரு கக்கூஸும் ஒரு குளியலிடமும் சேர்ந்து முடங்குவதுதான் சிக்கல். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தன வீடுகளில் எத்தனையோ தொல்லை உண்டு. ஆனால் கக்கூஸ் தனி, குளிக்கிற இடம் தனி என்ற ஏற்பாடு சரியான ஏற்பாடு.

அதையே இங்கும் செய்யலாம். பொது பாத்ரூமின் உள்ளளவு 4-க்கு 7½ அடி என்று வைத்துக்கொள்வோம். வாஷ்பேசினை வெளியே நடைச் சுவருக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் 4 அங்குலச் சுவர் எழுப்பினால் 3-க்கு 4 அடியில் கக்கூஸும், ஏறக்குறைய 4-க்கு 4 அடியில் குளியலறையும் கிடைக்கும். நீளப் பக்கம் நடையைப் பார்த்து இருந்தால்தான் இரண்டுக்கும் கதவு வைக்க முடியும். குறுகிய பக்கம்தான் நடையில் இருக்கிறது என்றால் பேசினை மட்டும் வெளியே எடுங்கள். அதிலேயே பாதி வரிசை குறையும்.

இதில் வழக்கமாக நடக்கும் தப்பு வென்டிலேட்டரில். இருக்கிற ஒரே வென்டிலேட்டர் ஒரு பக்கமாகப் போய்விடும். மேஸ்திரி நடுச்சுவரை 7 அடியோடு நிறுத்தி மேலே திறந்து விடுவார். காற்று வரும், கூடவே வாடையும் சத்தமும் வரும். சுவரை மேல்தளம் வரை எழுப்பி, ஜன்னல் இல்லாத பக்கத்திலிருந்து 4 அங்குல பிவிசி பைப்பை, பைப்பிலேயே பொருத்தும் இன்லைன் ஃபேனோடு டக்டுக்கு (மாடிகளின் பைப்புகள் இறங்கும் குழி) கொண்டுபோவதே சரி.

கீசர்: 25 லிட்டர், 2 கிலோவாட் கீசர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர அரை மணி நேரம் ஆகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் சுமார் 65 லிட்டர் வரும். வாளியில் குளித்தால் மூன்று பேருக்கு; ஷவரில் நின்றால் ஒருவரோடு சரி. மார்கழியில்தான் இந்தச் சண்டை வரும்.

பால்கனியை அடைத்துப் புது டாய்லெட் வைக்கச் சொல்கிறார் ப்ளம்பர். வைக்கலாமா?
– அம்பத்தூர்

கீழ்வீட்டுப் படுக்கையறைக்கோ சமையலறைக்கோ மேலே வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் விட்டுவிடுங்கள். பால்கனித் தளம் கூடுதல் சுவரையும் தண்ணீரையும் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அசோசியேஷன் சம்மதமும் வேண்டும்.

அடுத்தது, அங்கே பள்ளத் தளம் (பைப் புதைக்கத் தாழ்த்திப் போட்ட தளம்) இருக்காது. 110 மி.மீ. கழிவுப் பைப்புக்கு 40-க்கு 1 சரிவு வேண்டும். 8 அடி தூரம் என்றால் 6 செ.மீ. இறக்கம். பைப்பின் பருமன், மேலே போடும் கான்கிரீட், டைல்ஸ் எல்லாம் சேர்த்தால் தரை 8, 9 அங்குலம் ஏறிவிடும். சரிவைக் குறைத்து மேடையைத் தாழ்த்தினால் ஆறே மாதத்தில் அடைப்பு. பின்பக்கமாக வெளியேறும் பி-ட்ராப் (வாடையைத் தடுக்கத் தண்ணீர் நிற்கும் வளைவு) வைத்த, சுவரில் மாட்டும் கிளாசெட் போட்டு, நேராக டக்டுக்குள் இணைத்தால் இந்த மேடையே வேண்டாம். தரைத் தண்ணீர் வடியும் ஃப்ளோர் ட்ராப்புக்கு மட்டும் சின்ன உயர்வு போதும். திரும்புகிற இடத்தில் 90 டிகிரி பெண்டு ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி இரண்டு. வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்த பிறகே டைல்ஸ்.

நைட் ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்க வேண்டியிருக்கிறது. பக்கத்து ரூம் போன் பேச்சு முழுக்கக் கேட்கிறது. சுவரில் தெர்மகோல் ஒட்டினால் சரியாகுமா?
– சோழிங்கநல்லூர்

ஆகாது. தெர்மகோல் சத்தத்தைத் தடுக்கிற பொருளே இல்லை. உங்களுடையது இருபக்கமும் பூசிய 4½ அங்குலச் செங்கல் சுவர் என்றால், பேச்சு பெரும்பாலும் சுவர் வழியாக வரவில்லை. ஓட்டை வழியாக வருகிறது. ராத்திரி உங்கள் அறை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து ரூமில் விளக்கைப் போடச் சொல்லுங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சத்தம் நுழைகிற இடம்தான்: கதவுக்கு அடியில் ஒரு செ.மீ. இடைவெளி, ஏசி பைப் துளை, பொதுவாக விட்ட பரண். கதவுக்கு அடியில் ரப்பர் சீல், துளைக்கு அக்ரிலிக் சீலன்ட், பரணுக்குப் பலகை. வெளிச்சத்தில் தெரியாத ஓட்டை ஒன்று உண்டு: முதுகோடு முதுகாகப் பதித்த ஸ்விட்ச் பாக்ஸ். தகட்டைக் கழற்றி அதன் ஓரத்தையும் அடைக்க வேண்டும், மெயினை அணைத்துவிட்டு.

ஜிப்சம் தடுப்பு என்றால் உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (கல் நார்ப் பஞ்சு) இருக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்காமல் கான்கிரீட் தளத்தைத் தொட வேண்டும். பாதியில் நின்ற தடுப்பு வெறும் திரைதான்.

ஐந்து பேர் இருக்கிறோம். மூன்று ரூமிலும் ஏசி. அடிக்கடி மெயின் ட்ரிப் ஆகிறது. ஈபி பில் பிரிப்பதிலும் தகராறு.
– வேளச்சேரி

ஒரு டன் ஏசி மூன்று, 3.3 கிலோவாட். கீசர் இரண்டு, 4. இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டு, 4. சேர்ந்து ஓடினால் 11.3 கிலோவாட், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 49 ஆம்ப்ஸ். சிங்கிள் ஃபேஸில் இது நடக்காது. உரிமையாளரிடம் சொல்லி த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கீசருக்கும் ஒவ்வொரு இண்டக்‌ஷனுக்கும் தனித்தனி சர்க்யூட், பாத்ரூம் லைனுக்கு, மின்கசிவு வந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. ட்ரிப் ஆகிறது என்று எம்சிபியை (லோடு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) மட்டும் பெரிதாக மாற்ற எலக்ட்ரீஷியன் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அடுத்துச் சூடாகப்போவது ஒயர்.

இரண்டு மாதக் கணக்கில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறுவதால், ஒரே மீட்டரில் ஐந்து பேர் ஓட்டும்போது எல்லோரும் மேல் ஸ்லாபுக்குப் போய்விடுகிறீர்கள். ஒவ்வொரு ஏசி லைனிலும் ஒரு சப்-மீட்டர் போடுங்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் விலையை அந்தந்த ஏசி யூனிட்டோடு பெருக்குங்கள். மீதியைத் தலைக்கு இத்தனை என்று பிரியுங்கள். ஈபி ரீடிங் எடுக்கிற அன்றைக்கே சப்-மீட்டரையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் தகராறுக்கு வழியில்லை.

மேடவாக்கத்தில் மனை இருக்கிறது. பகிர்ந்து வாழ்வதற்கென்றே புதிதாகக் கட்டினால்?
– மேடவாக்கம்

சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரத்தில் 2014-ல் முடிந்த கால்க்பிரைட்டே கூட்டுறவுக் குடியிருப்பில் ஒரு நல்ல முறை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் சின்ன அறை, சொந்த பாத்ரூம், டீ போடும் அளவுக்கு ஒரு மூலை. பெரிய சமையலறையும் கூடமும் பொது. பாத்ரூம்களை இரண்டிரண்டாக ஒரே டக்டில் முதுகோடு முதுகாக வையுங்கள். துணி காயப்போடும் இடத்தை வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் மொட்டை மாடி உதவாது. பெண்கள் விடுதியாக நடத்தினால் 2014-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவு கட்டாயம்.

ஒரே ஃப்ளாட்டில் ஆறு பேர், தண்ணீர் லாரிச் செலவு மட்டும் எல்லோருக்கும் சமமா என்று அசோசியேஷனில் கேட்கிறார்கள்.
– துரைப்பாக்கம்

நியாயமான கேள்வி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான கணக்கில் ஆறு பேருக்கு 810 லிட்டர். மூன்று பேர் குடும்பத்துக்கு 405. ஃப்ளாட்டுக்குள் நுழையும் லைனில் மீட்டர் பொருத்தி லிட்டர் கணக்கில் கொடுத்துவிடுங்கள். மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் தனித்தனியாகப் பைப் இறங்கும் பழைய கட்டடமென்றால் மீட்டர் இரண்டு மூன்று தேவைப்படும். அதற்கு முன்னால் பைப் எந்த வழியாக வருகிறது என்று ப்ளம்பரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.