நார்ஃபோக் வருவதற்கு முன் ஒரு கேள்வி: ஆபீஸ் தண்ணீருக்கு எந்தக் கரையில்?

தம்பி, வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக் பக்கம் வேலை கிடைத்து, மனைவியோடும் நான்கு வயது மகளோடும் ஆகஸ்டில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். ஊரில் எத்தனை பேர், என்னென்ன சனம், நம் ஆட்கள் உண்டா, உலகத்திலேயே பெரிய கடற்படைத் தளம் இருக்கிற இடத்தில் குடும்பத்தோடு இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடமாக இங்கே இருப்பவள் சொல்கிறேன், தாராளமாக இருக்கலாம். பயப்படுவதென்றால் கடற்படைக்குப் பயப்பட வேண்டாம், சுரங்கப்பாதைக்குப் பயப்படுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தப் பகுதி முழுவதற்கும் ஹாம்ப்டன் ரோட்ஸ் என்று பெயர். இந்த 'ரோட்ஸ்' சாலை இல்லை. கப்பல்கள் நங்கூரம் போட்டு நிற்க ஏதுவான, அலை அடங்கிய நீர்ப்பரப்புக்கு மாலுமிகள் வைத்த பழைய பெயர். ஜேம்ஸ் ஆறும் எலிசபெத் ஆறும் செசபீக் விரிகுடாவில் சேருகிற இடம் இது. அதன் தென்கரையில் நார்ஃபோக், வர்ஜீனியா பீச், செசபீக், போர்ட்ஸ்மவுத், சஃபோக். வடகரையில் ஹாம்ப்டன், நியூபோர்ட் நியூஸ். வடகரையை இங்கே 'பெனின்சுலா' என்றுதான் சொல்வார்கள்.

2020 கணக்கெடுப்பின்படி எல்லாம் சேர்ந்து சுமார் 18 லட்சம் பேர். நீங்கள் பார்த்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்குக் காரணம், சிலர் நார்ஃபோக் நகரத்தின் 2.38 லட்சத்தை மட்டும் சொல்வார்கள், சிலர் வட கரோலினாவின் எல்லைப் பகுதிகளையும் சேர்த்து எண்ணுவார்கள். ஆட்கணக்கில் பெரிய ஊர் நார்ஃபோக் அல்ல, 4.59 லட்சம் பேர் இருக்கிற வர்ஜீனியா பீச். சென்னையிலிருந்து வருபவருக்கு இவையெல்லாம் ஒரே ஊரின் பேட்டைகள் மாதிரித் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் தனி நகரம், தனிப் பள்ளி நிர்வாகம், தனி வரி. காருக்குக்கூட வருடாவருடம் அந்தந்த நகரத்துக்கு வரி கட்ட வேண்டும். (உள்ளூர்க்காரர்கள் வாயில் நார்ஃபோக் 'நாஃபுக்' என்று வரும். நீங்கள் எழுத்துக்கூட்டிச் சொன்னால் புதிது என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.)

இப்போது சுரங்கப்பாதை. என் கணவருக்கு வந்த வேலைக் கடிதத்தில் 'நார்ஃபோக் பகுதி' என்று இருந்தது. கடற்கரை ஆசையில் வர்ஜீனியா பீச்சில் வீடு பிடித்து ஒரு வருட ஒப்பந்தமும் போட்டுவிட்டோம். சேர்ந்த அன்றுதான் ஆபீஸ் நியூபோர்ட் நியூஸில் என்று தெரிந்தது. வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான், ஆனால் இடையில் தண்ணீர். பாலம் கொஞ்ச தூரம், அப்புறம் கடலுக்கு அடியில் குழாய், மறுபடி பாலம் என்று மூன்றரை மைல். 1957இல் திறந்தது, 1976இல் இரண்டாவது குழாய், 2020இலிருந்து அகலப்படுத்தும் வேலை. உள்ளே ஒரு கார் நின்றால் ஊரே நிற்கும். ஒரு வருடம் முழுக்க அவர் ராத்திரிச் சாப்பாட்டை ஒன்பது மணிக்கு முன் சாப்பிட்ட நாள் குறைவு. ஏன் முழுசாகப் பாலமாகக் கட்டக்கூடாது என்று அப்போது திட்டிக்கொண்டே இருந்தேன். கட்டக்கூடாதுதான். போரில் பாலம் தகர்ந்து விழுந்தால் மொத்தக் கப்பற்படையும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதனால் கப்பல் வழி வருகிற இடத்தில் சாலையைக் கடலுக்கு அடியில் இறக்கினார்கள். இந்த ஊரில் எதற்குக் காரணம் தேடினாலும் கடைசியில் கடற்படை வந்து நிற்கும்.

தளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நார்ஃபோக் கடற்படைத் தளம் 1917இல் தொடங்கியது. அது ஒன்றுதான் பெரிது, ஆனால் அது மட்டும் இல்லை. வர்ஜீனியா பீச்சில் ஓஷியானா போர்விமான தளம், ஹாம்ப்டனில் லாங்லி விமானப்படைத் தளம், போர்ட்ஸ்மவுத்தில் 1767இலிருந்து இருக்கிற கப்பல் பழுதுபார்க்கும் தளம். பெயர் என்னவோ 'நார்ஃபோக் நேவல் ஷிப்யார்டு', இருப்பது போர்ட்ஸ்மவுத்தில்! நேட்டோவின் தலைமையகம் ஒன்றும் நார்ஃபோக்கில் உண்டு. அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல்களைக் கட்டுகிற ஒரே இடம் நியூபோர்ட் நியூஸ்.

தெருவில் துப்பாக்கியோடு யாரும் நிற்பார்கள் என்று நினைக்காதீர்கள். காதில்தான் தெரியும். ஓஷியானா பக்கம் வீடு எடுத்தால் போர்விமானம் தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். 'சுதந்திரத்தின் ஓசை' என்று காரில் ஸ்டிக்கர் ஒட்டிப் பெருமைப்படுவார்கள். கைக்குழந்தையைத் தூங்கவைக்கிறவளுக்கு அந்தப் பெருமை வருவது கஷ்டம். 2012 ஏப்ரலில் ஒரு விமானம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் விழுந்தது. நல்லவேளை, ஒரு உயிர்கூடப் போகவில்லை. விமானச் சத்தம் அதிகம் என்று குறித்துவைத்த 'சத்த மண்டலத்தில்' இருக்கிற வீடென்றால் வீட்டுக்காரர் எழுத்தில் சொல்லியாக வேண்டும், கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இன்னொன்று, இது உங்கள் மனைவிக்கு. அவர் இங்கே வேலை தேடும்போது நல்ல பொறியியல் வேலை நிறைய படைத்துறை சார்ந்ததாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கக் குடியுரிமை கேட்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். மருத்துவமனை, பல்கலைக்கழகம், துறைமுகம், வங்கி இந்தப் பக்கம் தேடச் சொல்லுங்கள்.

சனங்களைப் பற்றி. கறுப்பின மக்கள் இங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, போர்ட்ஸ்மவுத்தில் பாதிக்கும் மேல். 1619இல் ஆங்கிலேயர் குடியேற்றத்துக்கு முதல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கியது ஹாம்ப்டனில் உள்ள பாயிண்ட் கம்ஃபர்ட் முனையில். அதே முனையில் பின்னால் கட்டிய மன்றோ கோட்டைக்குத்தான் 1861இல் அடிமைகள் மூன்று பேர் தப்பி வந்தார்கள். தளபதி அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்ததும், ஆயிரக்கணக்கானோர் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். கோட்டையைச் சுற்றி ஒரு மாலை நடந்து பாருங்கள்.

அப்புறம் ஃபிலிப்பினோக்கள். வர்ஜீனியா பீச்சில் நிறைய. 1947இல் இரண்டு நாடுகளும் போட்ட ராணுவத் தள ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை ஃபிலிப்பைன்ஸிலேயே ஆள் எடுத்தது. பல வருடம் அதிகாரிகளுக்குச் சமைக்கவும் பரிமாறவும் மட்டும்தான். அவர்கள் பிள்ளைகள் இன்று நர்சுகள், ஆசிரியர்கள், அதிகாரிகள். நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு. இந்தியக் கடையில் கிடைக்காத நாளில் ஃபிலிப்பினோ கடைக்குப் போங்கள். உறைந்த முருங்கைக்கீரை, வாழைப்பூ, பலாக்காய் எல்லாம் இருக்கும். முதல் குளிர்காலத்தில் அந்த முருங்கைக்கீரைப் பொட்டலத்தைப் பார்த்துக் கடைக்குள்ளேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் ஆட்கள் உண்டு, ஆனால் நியூ ஜெர்சி மாதிரி எதிர்பார்க்காதீர்கள். டாக்டர்கள், பேராசிரியர்கள், ஐடி வேலைக்காரர்கள் என்று சிதறி இருக்கிறோம். இந்துக் கோயில் செசபீக்கில் இருக்கிறது. வார இறுதியில் போனால் பத்து முகம் தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மகளைத் தயார்ப்படுத்துங்கள். பள்ளியில் படைவீரர் பிள்ளைகள் நிறைய. இரண்டு மூன்று வருடத்தில் மாற்றல் வந்து போய்விடுவார்கள். என் மகளின் உயிர்த் தோழி மூன்றாம் வகுப்பு முடிந்ததும் ஜப்பானின் யோகோசுகாவுக்குப் போனாள். அடுத்த தோழி சான் டியேகோவுக்கு. எதிர்வீட்டுக்காரர் கப்பலில் ஏழு மாதம் போனபோது அவர் மனைவிக்குப் புல்வெட்டும் எந்திரத்தைத் தள்ளிக்கொடுத்தது நாங்கள். பதிலுக்கு எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள்.

கோடையில் மாற்றல் வருவதால் மே முதல் ஆகஸ்ட் வரை வாடகை வீட்டுக்கு அடிபிடி. படையினருக்கு அரசாங்கம் வீட்டுவாடகைப் படி கொடுக்கிறது, வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வாடகை வைக்கிறார்கள். மாற்றல் உத்தரவு வந்தால் ஒப்பந்தத்தைப் பாதியில் முறிக்க அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, நமக்குக் கிடையாது. அதனால் மூன்று மாதத்துக்கு எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் வெள்ளம் வந்ததுண்டா என்றும் கேளுங்கள். நார்ஃபோக்கில் நிலமும் இறங்குகிறது, கடலும் ஏறுகிறது. மழையே இல்லாத பௌர்ணமி நாளிலும் சில தெருக்களில் உப்புத்தண்ணீர் நிற்கும், கார் நாசமாகிவிடும்.

ஆபீஸ் முகவரி கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். பெனின்சுலா பக்கம் என்றால் வடகரையிலேயே இரண்டு மூன்று நல்ல பகுதிகளைச் சொல்கிறேன்.