பழைய பெட்ரோல் கார்: எல்லாம் மாற்றியும் பிக்கப் வரவில்லை, எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். பதினைந்து வருடம் ஓடிய பெட்ரோல் கார். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, உதறுகிறது, மேட்டில் திணறுகிறது, மைலேஜும் இறங்கிவிட்டது. பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் புதுசு. காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடியும் கழுவியாச்சு. செக் எஞ்சின் விளக்கு எப்போதாவது எரிந்து தானாக அணைந்துவிடுகிறது. அடுத்து எதை மாற்றுவது?

எதையும் மாற்றாதீர்கள். இனி அளக்க மட்டும் செய்யுங்கள். இத்தனை பாகம் மாற்றியும் குறை அப்படியே இருக்கிறது என்றால், யாரும் இதுவரை எஞ்சினைப் பரிசோதிக்கவில்லை, யூகித்துக்கொண்டு மட்டுமே இருந்திருக்கிறார்கள். பழைய வண்டிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற விஷயம், கோளாறு வால்விலோ டைமிங் பெல்ட்டிலோ சைலன்சர் பக்கமோ இருக்கும், செலவு மட்டும் சென்சார்களுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

முதலில் இழுவைக் குறைவுக்கு எஞ்சின்தான் காரணமா என்று பாருங்கள். டாப் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லையா? கிளட்ச் வழுக்குகிறது. பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடிக்கிறதா? அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. உங்கள் கார் ஐடிலிலும் உதறுவதால் எஞ்சினில் ஏதோ நிச்சயம் இருக்கிறது. ஆனால் பழைய காரில் இரண்டு குறைகள் சேர்ந்தே வரும். இது ஐந்து நிமிட வேலைதான், முடித்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது ஸ்கேனர், காரின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படிக்கும் கருவி. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, மொபைலில் பார்க்கிற சின்ன அடாப்டரே போதும். விளக்கு அணைந்திருந்தாலும் கோளாறைச் சொல்லும் எரர் கோடு பெரும்பாலும் உள்ளே பதிவாகியிருக்கும். பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விடுவது. பி0301, பி0302 என்று போனால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0171 என்றால் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். பெரும்பாலான நேரம் அந்த சென்சார் சேதி சொன்ன ஆள்தான், தப்பு செய்த ஆள் அல்ல. அது புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கும், எரியாத பெட்ரோல் அதற்குத் தெரியாது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதன் காற்று அப்படியே வெளியே வரும். சென்சார் அதைப் பார்த்து 'காற்று அதிகம்' என்று சொல்லும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ அதை நம்பி எல்லா சிலிண்டருக்கும் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் அடிவாங்குவது இப்படித்தான். உங்கள் உதறலும் மைலேஜ் குறைவும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக இருக்கலாம் என்று நான் நினைப்பதும் இதனால்தான்.

இந்த எரர் கோடுகளை விட அதிகம் பேசுவது ஃபியூவல் ட்ரிம் என்கிற எண். ஈசியூ தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ஷார்ட் டேர்ம், லாங் டேர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 10 சதவீதத்துக்குள் முன்பின் ஆடினால் பரவாயில்லை. நன்றாகச் சூடான எஞ்சினில் ஐடிலில் பாருங்கள், பிறகு 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு பாருங்கள். ஐடிலில் +20 காட்டி, ரேஸ் செய்ததும் இயல்புக்கு வந்தால் எங்கேயோ ஏர் எடுக்கிறது, அதாவது கணக்கில் வராத காற்று ஓட்டை வழியே நுழைகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போது சின்ன ஓட்டையும் பெரிய பங்கு, திறந்ததும் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். பழைய ரப்பர் ஹோஸ்கள் மேலே பளபளவென்று இருக்கும், வளைவின் அடிப்பக்கத்தில்தான் வெடித்திருக்கும். விரலை விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புகை விட்டுப் பார்க்கும் மெஷின் இருக்கும் ஒர்க் ஷாப் என்றால் வேலை சுலபம். சூடான எஞ்சின் மேல் ஸ்ப்ரே அடித்து லீக் தேடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது, தீப்பிடிக்கும் சமாச்சாரம் அது.

இதற்கு நேர்மாறாக, ஐடிலில் சரியாக இருந்து, மேட்டில் மிதிக்கும்போது ட்ரிம் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் வந்து சேரவில்லை, அல்லது காற்றின் அளவைச் சொல்லும் சென்சாரில் அழுக்கு. பம்ப் பிரஷர் கேஜ் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சாதாரண இன்ஜெக்ஷன் கார்களில் பெரும்பாலும் 3 பார் அருகே இருக்கும், சரியான எண் உங்கள் கார் மேனுவலில் இருக்கும். எஞ்சின் மேலேயே பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர் இருக்கும் மாடல் என்றால் அதற்குப் போகும் வாக்யூம் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்துவிட்டது.

ஸ்கேனர் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மட்டும் ஆன் செய்து, கூலன்ட் வெப்பநிலையையும் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் படியுங்கள். இரவெல்லாம் நின்ற காரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் சென்சார் மைனஸில் எதையாவது காட்டினால், எஞ்சின் எப்போதும் குளிரில் கிடக்கிறது என்று நம்பி ஈசியூ பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கும். ஓடி முடித்த பிறகும் எண் 80 டிகிரியைத் தாண்டவே இல்லை என்றால் கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்கிறது. மலிவான பாகம், மைலேஜை நிறையத் தின்னும்.

மிஸ்ஸிங் எந்த சிலிண்டரில் என்று பிடிக்க, ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டராகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரைக் கழற்றினால் உதறல் கூடும். எதைக் கழற்றினால் வித்தியாசமே தெரியவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்பொறி தரும் தனித்தனி காயில் இருக்கும் கார் என்றால் அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். பி0302 போய் பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. வரவில்லை என்றால் காயிலை விட்டுவிடுங்கள். பிளக் புதுசு என்றாலும் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் பென்சிலால் கீறினதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு, மேலிருந்து கீழாக ஓடியிருக்கலாம். மின்பொறி முனையில் தாவாமல் அந்தக் கோட்டு வழியே ஹெட்டுக்குப் போகிறது என்று அர்த்தம். துடைத்தால் போகாது. பிளக்கோடு அதன் ரப்பர் பூட்டையும் சேர்த்து மாற்றவில்லை என்றால் புதுப் பிளக்கிலும் அதே கோடு சீக்கிரமே விழும்.

இதுவரை சொன்னது பாதி. கம்ப்யூட்டரால் பார்க்க முடியாத பாதிதான் எனக்கு முக்கியம்.

வாக்யூம் கேஜ் என்று, எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையை அளக்கும் ஒரு பழைய கருவி உண்டு. இன்ஜெக்ஷன் வந்ததும் பலர் அதை மூலையில் போட்டுவிட்டார்கள். த்ராட்டிலுக்கு அப்புறம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வரும் ஏதாவது ஒரு ஹோஸில் 'டி' போட்டு மாட்டினால் போதும். நல்ல எஞ்சின், சூடான ஐடிலில் 17 முதல் 21 அங்குல பாதரசம் வரை காட்டி அசையாமல் நிற்கும். மலைப் பகுதி என்றால் ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளின் நடத்தையைப் பொறுமையாகக் கவனியுங்கள். ஒரே சீராக விட்டு விட்டு, நாடித்துடிப்பு மாதிரி சில அங்குலம் டக் டக்கென்று விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஆட்டமே இல்லாமல் 14, 15-ல் நின்றால் டைமிங், அதாவது வால்வுகள் திறந்து மூடும் நேரம், தள்ளிப்போயிருக்கலாம், பெல்ட் ஒரு பல் தாண்டினாலும் கார் ஸ்டார்ட் ஆகும், ஓடும், இழுவை மட்டும் இருக்காது. பெரிய ஏர் லீக்கும் இப்படிக் காட்டும், ட்ரிம் எண்ணோடு சேர்த்துப் படித்தால் பிரித்துவிடலாம். பிறகு 2500 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டே இருங்கள். முதலில் நன்றாக ஏறிய முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் சைலன்சர் வழி அடைத்திருக்கிறது. புகை வெளியே போக முடியாத எஞ்சினுக்குள் புதுக் காற்று எப்படி நுழையும்? புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொள்வது பழைய காரில் அபூர்வமே இல்லை, அதுவும் நீண்ட நாள் மிஸ்ஸிங்கோடு ஓட்டிய காரில். எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து அதை உருக்கிவிடும். உறுதிப்படுத்த, முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜை மாட்டுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் போனால் அடைப்பு இருக்கிறது. ஆனால் கன்வர்ட்டரை மாற்றுவதற்கு முன் அதை உருக்கிய மிஸ்ஸிங்கைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் புதியதும் அதே கதிதான்.

கடைசியில் கம்ப்ரஷன், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற அளவு. மெக்கானிக் 'பார்த்தாச்சு, ஓகே' என்று சொன்னால் எண்களைக் கேளுங்கள். நான்கு எண்கள் எழுதித் தரவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், பெட்ரோலும் ஸ்பார்க்கும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், ஆக்சிலேட்டர் முழுசாக மிதிபட்டிருக்க வேண்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். பல பெட்ரோல் எஞ்சின்களில் 150 பிஎஸ்ஐக்கு மேல் வரும். எண்களைவிட அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் பெரிது. மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் சிக்கல். அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் முதலில் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள். நான்கும் ஒரே அளவில் குறைந்தால் டைமிங் பெல்ட் மார்க்கைத் திறந்து பாருங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் சோதித்தால் தப்பிவிடும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் காரில் காலையில் கார் தங்கமாக ஓடும், அரை மணி ஓடிய பிறகு சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கே நடுங்கும். ஆறிய எஞ்சினில் கம்ப்ரஷன் நான்கும் ஒன்றுபோல் இருந்தது. சூட்டோடு எடுத்தபோது மூன்றாவது சிலிண்டர் படுத்துவிட்டது. வால்வு கவரைத் திறந்தால், அந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் டேப்பட்டில், அதாவது புகை வால்வைத் தள்ளும் பாகத்தில் இருக்க வேண்டிய சின்ன இடைவெளியில், அதை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். சூட்டில் வால்வுத் தண்டு நீண்டதும் இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுசாக உட்காராது. டேப்பட் சத்தம் வந்தால் எல்லோரும் பதறுகிறார்கள், இடைவெளி இறுகிப்போனதோ சத்தமே போடாது. அந்தக் காரில் அட்ஜஸ்ட்மென்ட் செய்ததோடு நடுக்கம் போனது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வால்வு எரிந்து ஹெட்டை இறக்க வேண்டி வந்திருக்கும். கேஸ் கிட் போட்டு ஓட்டிய கார் என்றால் இது இன்னும் சீக்கிரம் வரும். ஹைட்ராலிக் டேப்பட் உள்ள எஞ்சினுக்கு இந்த அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு வரும் எர்த் ஒயரையும் ஒரு தடவை கழற்றி, துரு சுரண்டி இறுக்கிவிடுங்கள். அது சரியில்லை என்றால் மேலே சொன்ன எந்த சென்சாரின் எண்ணையும் நம்ப முடியாது.

உங்கள் காருக்கு என் வரிசை: ட்ரிம் எண், வாக்யூம் கேஜ், சூட்டில் கம்ப்ரஷன், பிறகு டேப்பட். இந்த நான்கிலேயே பிடிபடும் என்று எதிர்பார்க்கிறேன். ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் எண் நன்றாக ஏறினால் மட்டும் ரிங் வேலை, அதாவது எஞ்சினைப் பிரிக்கும் வேலை. அந்தச் செலவுக்குக் கார் தகுமா என்பது வேறு கணக்கு. அதை முடிவு செய்யும் வரை இனி ஒரு சென்சார்கூட வாங்காதீர்கள். குறை சரியான பிறகு ஸ்கேனரில் பழைய கோடுகளை அழித்து, கற்றுவைத்த ட்ரிம்மையும் ரீசெட் செய்துவிடுங்கள். ஈசியூ மறுபடி கற்றுக்கொள்ளும் வரை ஐடில் கொஞ்சம் ஏறி இறங்கும், அதைப் பார்த்துத் திரும்ப பானட்டைத் திறக்க வேண்டாம்.