காந்தத்துக்குள் யார் வரிசை அமைப்பது? – கடிதம்

வணக்கம்.

கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகும் என்று பள்ளியில் படித்தோம். சரி. ஆனால் ஒரு காந்தத் துண்டில் பேட்டரியும் இல்லை, கம்பியும் இல்லை. அதற்கு எங்கிருந்து வருகிறது அந்தச் சக்தி? இரும்பை இழுப்பது செம்பை ஏன் கண்டுகொள்வதில்லை? எங்கே தேடினாலும் ‘எலெக்ட்ரான்கள் வரிசையாக நிற்கின்றன’ என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அவற்றை வரிசையில் நிறுத்துவது யார்?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடைசிக் கேள்விதான் விஷயமே. அதற்குப் போகிற வழியில் மற்றவற்றுக்கும் பதில் கிடைத்துவிடும்.

மின்சாரம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புவதை 1820-ல் ஓர்ஸ்டெட் கண்டார். உடனே ஆம்பியர் அதைப் பிடித்துக்கொண்டார். காந்தத் துண்டுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டச் சுழல்கள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். எலெக்ட்ரான் என்ற ஒன்றே தெரியாத காலத்தில்! இன்று நமக்குத் தெரிவது, ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம் என்பது. ‘ஸ்பின்’ என்ற அந்தப் பண்பு, மின்னூட்டத்தைப் போலவே அதன் கூடப் பிறந்தது. யாரும் அதை ஓட்ட வேண்டாம், அது தீர்ந்தும் போகாது. ஆகவே பேட்டரிக்கு வேலையில்லை.

பெரும்பாலான பொருள்களில் எலெக்ட்ரான்கள் எதிரெதிர் ஸ்பின்னோடு ஜோடி சேர்ந்து ஒன்றையொன்று ரத்து செய்துவிடுகின்றன. செம்பின் கதை அதுதான். தனி இரும்பு அணுவிலோ நான்கு எலெக்ட்ரான்கள் ஜோடியில்லாமல் நிற்கின்றன. ஆனால் அது மட்டும் போதாது. மாங்கனீஸ் அணுவில் ஐந்து நிற்கின்றன, மாங்கனீஸ் உலோகமோ காந்தத்தில் ஒட்டுவதில்லை.

அப்படியானால் இரும்பில் இவற்றை ஒரே திசையில் திருப்புவது எது? பக்கத்துக் குட்டிக் காந்தத்தின் இழுப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்குப் போட்டால் அது நிற்காது. அந்த இழுப்பு மிகவும் பலவீனமானது. மைனஸ் 270 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரைத் தாண்டினாலே அணுக்களின் வெப்ப ஆட்டம் அதைக் கலைத்துவிடும். இரும்போ 770 டிகிரி வரை காந்தமாகத் தாக்குப்பிடிக்கிறது.

1928-ல் ஹைசன்பர்க் விடை சொன்னார். வரிசை அமைப்பது காந்த விசையே இல்லை, மின்விசை! ஒரே ஸ்பின் உள்ள இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது பௌலியின் விதி. அதனால் அவை தாமாகவே விலகி நிற்கின்றன. விலகி நின்றால் அவற்றுக்கு இடையிலான மின் விலக்கத்தின் ஆற்றல் குறையும். ஒரே பக்கம் திரும்புவது அவற்றுக்கு லாபம். அதற்கு இயக்க ஆற்றலாக ஒரு விலையும் கொடுக்க வேண்டும். பெரும்பாலான உலோகங்களில் அந்த விலை லாபத்தை மிஞ்சிவிடும். இரும்பு, கோபால்ட், நிக்கலில் லாபம் ஜெயிக்கிறது. இயற்பியலில் எனக்கு மிகப் பிடித்த விளக்கங்களில் இது ஒன்று.

அப்புறம், சாதாரண ஆணி ஏன் காந்தமாக இல்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆணிக்குள் ஏராளமான சிறு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் வரிசை உண்டு, ஆனால் பகுதிக்குப் பகுதி திசை மாறும். காந்தத்தை அருகே கொண்டுபோனால் எல்லைகள் நகர்ந்து, சாதகமான திசையில் உள்ள பகுதிகள் பெரிதாகும். இந்த நகர்வைக் காதால் கேட்கவே முடியும். ஓர் இரும்புத் துண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள் போட்டு, அதை ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒலிபெருக்கியோடு இணைத்து, காந்தத்தை மெல்ல அருகே கொண்டுபோங்கள். படபடவென்று பொரிகிற மாதிரிச் சத்தம் வரும். எல்லைகள் ஒவ்வொன்றாகத் தடுக்கித் தடுக்கித் தாவுவதால் வருவது அது. 1919-ல் பார்க்ஹவுசன் கண்டது. ஆணியில் அந்த எல்லைகள் சுலபமாக நகர்ந்து, காந்தம் விலகியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். நிலைக்காந்தத்துக்கான உலோகக் கலவைகளை, உள்ளே எல்லைகள் சுலபத்தில் நகர முடியாதபடி தயாரிக்கிறார்கள். உங்கள் கையிலுள்ள துண்டு காந்தமாகவே நீடிப்பது அதனால்தான்.