சுவரில் சயனைடு இல்லை என்கிறதே ஆய்வக அறிக்கை?

கேள்வி: என் மகன் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஆஷ்விட்ஸில் விஷவாயு அறையே கிடையாது. சுவரைப் பெயர்த்து அமெரிக்க லேபில் டெஸ்ட் பண்ணிவிட்டார்கள், சயனைடே இல்லை" என்கிறான். 'முழு அறிக்கை' வாங்க 500 ரூபாய் வேறு கேட்கிறான். எனக்கு அவ்வளவு வேதியியல் தெரியாது. அவனுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்த 500 ரூபாயைக் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் முப்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் தண்ணீரும் மண்ணும் சோதித்தவன். நாங்கள் தரும் அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும்.' ஒருமுறை மனை விற்கும் புரோக்கர் ஒருவர் கேன் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து, போர்வெல் தண்ணீர் என்று கொடுத்தார். நாங்கள் கொடுத்த முடிவில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. அந்தத் தாளைக் காட்டியே அவர் மனையை விற்றுவிட்டார். வாங்கியவர் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, ஒரு குடம் உப்புத் தண்ணீரோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். அன்றிலிருந்து ஆய்வகத் தாளை யார் நீட்டினாலும், மாதிரியை எடுத்தது யார் என்றுதான் முதலில் கேட்பேன்.

உங்கள் மகன் பார்த்ததும் அப்படி ஒரு தாள்தான். ஆஷ்விட்ஸ் என்பது இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி, தான் பிடித்திருந்த போலந்தில் யூதர்களைக் கொல்ல நடத்திய முகாம். அங்கே கொல்லப் பயன்பட்டது சயனைடு வாயு. இன்று அந்த இடம் ஓர் அருங்காட்சியகம். மரணதண்டனைக் கருவிகள் செய்து விற்ற அமெரிக்கர் ஃபிரெட் லூக்டர் 1988 பிப்ரவரியில் போலந்துக்குப் போனார். யூத இனப்படுகொலையே நடக்கவில்லை என்று புத்தகம் போட்டு, கனடாவில் வழக்கில் மாட்டியிருந்த எர்ன்ஸ்ட் ஸுண்டெலின் தரப்புதான் பணம் கொடுத்து அவரை அனுப்பியது. லூக்டர் படித்தது வரலாற்றில் பி.ஏ. அருங்காட்சியகத்திடம் அனுமதி கேட்காமல் சுத்தியலும் உளியும் வைத்துச் சுவர்களைக் கொத்தி 32 துண்டுகள் எடுத்து வந்தார். எந்தக் கட்டடத்தின் சுவர் என்று சொல்லாமல் மாசசூசெட்ஸில் ஓர் ஆய்வகத்தில் கொடுத்து, சயனைடு எவ்வளவு என்று கேட்டார்.

ஆய்வகம் என்ன செய்யும்? துண்டை முழுசாக இடித்துப் பொடியாக்கிச் சோதித்தது. அந்த ஆய்வகத்தின் வேதியியலர் ஜேம்ஸ் ராத் பின்னாளில் கேமரா முன்னாலேயே சொன்னார்: சயனைடு சுவரில் 10 மைக்ரான் ஆழத்துக்கு மேல் இறங்காது, மேற்பரப்பை மட்டும் சுரண்டியிருக்க வேண்டும், துண்டை இடித்ததில் அது பல ஆயிரம் மடங்கு நீர்த்துப் போனது என்று. நம் தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 100 மைக்ரான். வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு செங்கல்லின் ஒரு முகத்தில் மட்டும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காயவிடுங்கள். பிறகு செங்கல் முழுவதையும் இடித்து, அந்தப் பொடியில் மஞ்சளைத் தேடச் சொல்லுங்கள். அப்படி இடித்தும் லூக்டரின் துண்டுகள் சிலவற்றில் கொஞ்சம் சயனைடு தெரியவே செய்தது. வீடியோக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

"முகாமில் அதே வாயுவை வைத்துத் துணியில் பேன் கொன்ற அறைகளின் சுவர் மட்டும் நீலமாக இருக்கிறதே" என்று அடுத்துக் கேட்பான். பேன் சாவதற்கு விஷம் பல மடங்கு அதிகமாக, மணிக்கணக்கில் இருக்க வேண்டும். மனிதன் அதில் சிறு பங்கிலேயே சில நிமிடங்களில் செத்துவிடுவான். நாம் நினைப்பதற்கு நேர்மாறு இது. அந்த நீலம், நைட்ரஜனுக்கான லாசேன் சோதனையில் அவன் பார்த்திருக்கும் அதே பிரஷ்யன் நீலம். பெரஸ் சல்பேட் போட்டுக் கொதிக்கவைத்து, அமிலம் சரியாக விட்டால்தான் அது வரும். நீலம் வரவில்லை என்று 'நைட்ரஜன் இல்லை' என எழுதி எத்தனை பேருக்கு மார்க் போனது என்று அவனையே கேளுங்கள்.

இன்னொன்று. 1945 ஜனவரியில் சோவியத் படை வருவதற்குச் சில நாள் முன்பு, ஆஷ்விட்ஸ் முகாமின் பகுதியான பிர்கெனாவின் பெரிய விஷவாயுக் கட்டடங்களை நாஜிகளின் எஸ்.எஸ். படையே வெடிவைத்துத் தகர்த்தது. அங்கே லூக்டர் கொத்தியது 43 ஆண்டுகள் மழையிலும் பனியிலும் கிடந்த இடிபாடு. போலந்தின் கிராக்கோ தடயவியல் நிறுவனம் நீலக் கூட்டுப்பொருளைக் கணக்கில் சேர்க்காமல், மிக நுண்ணிய அளவையும் பிடிக்கும் முறையில் ஆராய்ந்து 1994இல் முடிவை வெளியிட்டது. விஷவாயு அறை இடிபாடுகளில் சயனைடு இருந்தது, கைதிகள் தங்கிய குடியிருப்புகளில் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவனை அடக்கிவிடாதீர்கள். "ஆஷ்விட்ஸில் 40 லட்சம் பேர் என்றார்கள், இப்போது 11 லட்சம் என்கிறார்கள், கணக்கு மாறுகிறதே" என்பான். மாறியது உண்மைதான். 40 லட்சம் என்பது போர் முடிந்ததும் சோவியத் தரப்பு சொன்னது. ஆவணங்களை வைத்துத் திருத்தியவர் அதே அருங்காட்சியகத்தின் வரலாற்றாளர் ஃபிரான்சிஷெக் பிப்பர். "அப்படியானால் கொல்லப்பட்ட யூதர்கள் மொத்தம் 60 லட்சம் என்கிறார்களே, அதிலிருந்தும் கழிக்க வேண்டாமா?" என்பது அடுத்த கேள்வியாக வரும். வேண்டாம். அந்த மொத்தக் கணக்கில் சோவியத்தின் 40 லட்சம் சேரவே இல்லை. வரலாற்றாளர் ராவுல் ஹில்பெர்க் 1961இலேயே மொத்தம் 51 லட்சம் யூதர்கள், அதில் ஆஷ்விட்ஸில் சுமார் 10 லட்சம் என்று எழுதியிருக்கிறார். சான்றைக் காட்டி எண்ணைத் திருத்துவது வரலாற்று வேலை. அதை இனப்படுகொலையே நடக்கவில்லை என்ற மறுப்போடு சேர்த்துத் திட்டினால், பையன் வீடியோக்காரர் பக்கம்தான் போவான்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். 1988இலேயே ஸுண்டெல் வழக்கை விசாரித்த டொராண்டோ நீதிபதி, லூக்டருக்கு இதில் நிபுணத்துவம் இல்லை என்று சொல்லி அந்த அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார். தான் உரிமம் பெற்ற பொறியாளர் இல்லை என்று 1991இல் லூக்டரே எழுதிக் கொடுத்தார். இவ்வளவுக்குப் பிறகும் அது உங்கள் வீட்டு போனுக்கு வருகிறது. இப்படி ஒரு வீடியோவைப் பற்றி நான் மூன்று முறை புகார் செய்தேன். 'விதிமீறல் இல்லை' என்று மூன்று முறையும் ஒரே பதில். கல்லூரிகளோ டைட்ரேஷனுக்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குகின்றன, மாதிரி எடுக்கும் முறைக்கு ஒரு வகுப்புக்கூட உருப்படியாக இல்லை. உங்கள் மகனைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று இரவு சாப்பிடும்போது வாதம் செய்யாதீர்கள். அந்த வீடியோவை இருவருமாகப் பாருங்கள். மாதிரியை எடுத்தது யார், எவ்வளவு ஆழத்தில், யார் பணத்தில் என்று வீடியோ எங்கேயாவது சொல்கிறதா என அவனையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். படிக்க ஆசைப்பட்டால் ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் காசில்லாமலே நிறைய இருக்கிறது. 500 ரூபாயை ஏற்கெனவே அனுப்பிவிட்டானா என்பதையும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.