ஓட்டிசப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும் வேலை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் பெற்றவள். மட்டக்களப்பில் ஓட்டிசம் (autism) என்ற மூளை வளர்ச்சி வேறுபாடுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உதவுகின்ற சிறிய தொண்டு நிறுவனமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இவ்வருடம் சேர்ந்தேன். அரசாங்க வேலைக்கு முயற்சிக்காமல் இதென்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. என்னை உறுத்துவது வேறு. நான் மருத்துவரும் அல்ல, பேச்சுச் சிகிச்சையாளரும் அல்ல. குறுகிய பயிற்சியொன்றை முடித்துவிட்டு, கிழமைக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒரு மணித்தியாலம் பிள்ளையுடன் இருந்துவிட்டு வருகிறேன். எல்லா வீடுகளிலும் ஒரே கேள்விதான்: "புள்ள எப்ப மிஸ் கதைப்பான்?" என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தலைகுனிந்து வருகிறேன். நன்கொடையாளருக்கு அனுப்பும் காலாண்டு அறிக்கையில் 'முன்னேற்றம்' என்றொரு நிரல் இருக்கிறது. அதில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. இந்த வேலையால் உண்மையில் யாருக்காவது பயன் உண்டா? இப்படியான நிறுவனமொன்றின் நிருவாகக் குழுவில் நீங்கள் பல வருடங்கள் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

வாசகி ஒருவர்,
களுவாஞ்சிகுடி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பயன் உண்டு. நீங்கள் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் பிள்ளையுடன் இருந்து, அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையிடம் என்ன மாறியது என்று தேடுகிறீர்கள். ஒரு கிழமையில் 168 மணித்தியாலங்கள் இருக்கின்றன. மற்ற 167 மணித்தியாலங்களும் அந்தப் பிள்ளை தாயுடனோ அம்மம்மாவுடனோ பெரியம்மா, சின்னம்மாமாருடனோதான் இருக்கிறது. நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டியது அவர்களுக்கு. நீங்கள் எழுந்து போன பிறகு அந்த வீட்டில் எது மிஞ்சி நிற்கிறதோ அதுவே உங்கள் வேலை.

சிகிச்சையாளர் அல்லாதவர் என்பதற்காக நீங்கள் கூசத் தேவையில்லை. வளர்ச்சித் தாமதமுள்ள, இரண்டு முதல் ஒன்பது வயது வரையான பிள்ளைகளைப் பராமரிப்பவர்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சித் திட்டத்தை உருவாக்கி 2022ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டுச் சந்திப்புகளும் கொண்ட அந்தத் திட்டம், உங்களைப் போன்று நிபுணர் அல்லாதவர்கள் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்று நடத்துவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. பேச்சுச் சிகிச்சையாளர்கள் போதாத நம்முடைய இடங்களைப் போன்ற இடங்கள் உலகெங்கும் இருப்பதை அறிந்தே அதைச் செய்தார்கள். அதில் மேற்பார்வை என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதத்தில் ஒரு தடவையாவது பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவருடன் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேச நிறுவனம் ஒழுங்குசெய்து தரவேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள்.

வீட்டாருக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்று கேட்பீர்கள். தனியாக ஒரு பாடவேளை வைப்பதற்கு எந்தத் தாய்க்கும் நேரமில்லை. குளிக்க வார்ப்பது, சோறு ஊட்டுவது, உடுப்பு மாற்றுவது, படுக்கப் போடுவது ஆகிய அன்றாட வேலைகளுக்குள்ளேயே எல்லாவற்றையும் வைக்கலாம். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைத் தாயும் பார்த்து, ஒன்றிரண்டு சொற்களில் அதன் பெயரைச் சொல்லி, பிறகு சற்றுப் பொறுத்திருப்பது முதல் பாடம். அந்தப் பொறுத்திருத்தல்தான் மிகவும் கடினமானது, ஏனென்றால் பேசாத பிள்ளையின் தாய் அதன் தேவைகளை எல்லாம் முகத்தைப் பார்த்தே அறிந்து முன்கூட்டியே கொடுத்துப் பழகியிருப்பாள். அன்பினால் செய்வதுதான், ஆயினும் கேட்காமலே எல்லாம் கிடைக்கின்ற வீட்டில் பிள்ளைக்குக் கேட்கும் தேவை எழுவதில்லை. விருப்பமான பிஸ்கட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, பிள்ளை கையைக் காட்டினாலோ தாயின் கண்ணைப் பார்த்தாலோ படத்தைத் தொட்டாலோ உடனே கொடுக்கச் சொல்லுங்கள். படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பிள்ளை வாய் திறந்து பேசாமலே போய்விடும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு ஆதாரம் எதையும் காணவில்லை. சில பிள்ளைகளுக்குப் படங்கள் பேச்சுக்கே துணையாகியிருக்கின்றன. வாங்க வேண்டிய பொருளும் அதிகமில்லை. வீட்டிலுள்ள குவளை, செருப்பு, வாளி ஆகியவற்றைத் தொலைபேசியில் படமெடுத்து அச்சிட்டு அட்டையில் ஒட்டினால் போதும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, ஒரு வீட்டுக்கு முதன்முறை போகும்போது கிணற்றையும் வாசற் கடப்பையும் பாருங்கள். ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் பலர் கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டைவிட்டு வெளியேறிவிடுவார்கள். தண்ணீரால் ஈர்க்கப்படுபவர்களும் அவர்களில் பலர். அப்படி வெளியேறிய பிள்ளைகளின் இறப்புகளுக்கு நீரில் மூழ்குவதே முதன்மைக் காரணம் என்று அமெரிக்காவில் திரட்டிய தரவுகள் காட்டுகின்றன. நாமோ ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் தண்ணீருக்கு நடுவே வாழ்கிறோம். கிணற்றுக்கட்டு உயரமாக இருக்கிறதா, மூடி உண்டா, கடப்புக்குப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் கொக்கி போட்டிருக்கிறதா, பிள்ளை தனியே போவதைக் கண்டால் மறித்து வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று பக்கத்து வளவுக்காரருக்கும் சந்திக் கடைக்காரருக்கும் தெரியுமா என்பவற்றை எல்லாம் அந்த முதல் நாளிலேயே விசாரித்துவிடுங்கள். ஒரு கிணற்றுக்கு மூடி போடுவித்தால் அதை 'முன்னேற்றம்' என்ற நிரலில் தயங்காமல் எழுதலாம்.

இனி, "எப்ப கதைப்பான்?" என்ற கேள்விக்கு வருகிறேன். பிள்ளையின் செவிப்புலன் பரிசோதிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது. பரிசோதித்துக் குறையில்லை என்று தெரிந்த பின்னரும் நாள் குறித்துச் சொல்ல எவராலும் இயலாது என்பதை அவர்களிடம் மறைக்காதீர்கள். சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நான்கு வயதிலும் சொற்களைச் சேர்த்துப் பேசாதிருந்த, ஓட்டிசமுள்ள 535 பிள்ளைகளைப் பற்றி 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. எட்டு வயதும் அதற்கு மேலும் ஆகியிருந்த அப்பிள்ளைகளில் 70 வீதமானோர் சொற்களைச் சேர்த்துப் பேசவும், 47 வீதமானோர் சரளமாகப் பேசவும் தொடங்கியிருந்தார்கள். ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையின் தாயிடம் இனிக் காலம் கடந்துவிட்டது என்று யாரும் சொல்லக்கூடாது. அதேவேளை பத்தில் மூன்று பேர் அந்த நிலையை எட்டவில்லை என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த மூன்று பேரின் வீடுகளுக்கும் போகப் போகிறவர் நீங்கள்தான். "எப்போது பேசுவான் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்பதை அவன் இந்த வருடத்துக்குள் உங்களுக்குத் தெரிவிக்கச் செய்ய நாம் இருவரும் முயலலாம்" என்று சொல்லுங்கள். பேச்சு வராத பிள்ளையும் பசியையும் வலியையும் விருப்பத்தையும் வெறுப்பையும் தெரிவிக்கக் கற்றுக்கொண்டால், அந்த வீட்டின் அழுகையிலும் அடியிலும் கடியிலும் பெரும்பகுதி குறைந்துவிடும்.

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 'இது என்னால் வந்ததா?' என்பதை எந்தத் தாயும் உங்களிடம் வாய்விட்டுக் கேட்பதில்லை. கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே போனாள், பிள்ளையிடம் தொலைபேசியைக் கொடுத்து வளர்த்தாள், பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனாள் என்று ஊர் அவளுக்கு ஏற்கெனவே பதில் சொல்லி முடித்திருக்கும். படித்தவர்களும் இதே குற்றத்தைச் செய்திருக்கிறார்கள். 1943ஆம் ஆண்டில் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி ஓட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய லியோ கானர், அப்பிள்ளைகளின் பெற்றோரிடம் அன்பு வெளிப்படவில்லை என்றும் குறிப்பிட்டார். தாயின் குளிர்ந்த மனமே காரணம் என்ற கருத்து அதன் பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கோலோச்சியது. அதை எதிர்த்து, இது மூளையின் வளர்ச்சி சார்ந்தது என்று 1964ஆம் ஆண்டில் நூலெழுதிய பேர்னாட் ரிம்லண்ட், தானே ஓட்டிசமுள்ள ஒரு மகனின் தந்தை. 1977ஆம் ஆண்டில் இரட்டைப் பிள்ளைகள் பற்றிய ஆய்வொன்று மரபணுவின் பங்கை வெளிக்கொண்டுவந்தது. பிரித்தானியாவில் 1962ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஓட்டிசச் சங்கமும் பெற்றோர் கூடி உருவாக்கியதுதான். நீங்கள் செய்கின்ற இந்த வகை வேலையே, குற்றம் சுமத்தப்பட்ட தாய் தகப்பன்மார் தொடங்கிவைத்த வேலை. ஆகவே அவள் கேட்காவிட்டாலும், இது உன்னால் வந்ததல்ல என்று நீங்களாகவே சொல்லுங்கள். தகப்பனும் மாமியும் இருக்கும்போது சொல்லுங்கள்.

தடுப்பூசியால் ஓட்டிசம் வருமா என்றும் கேட்பார்கள். அந்தச் சந்தேகத்தைக் கிளப்பி 1998ஆம் ஆண்டில் லண்டனில் வெளியாகிய கட்டுரையை, வெளியிட்ட சஞ்சிகையே 2010ஆம் ஆண்டில் மீளப்பெற்றுவிட்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட ஆய்வும் எந்தத் தொடர்பையும் காணவில்லை. இதற்கு மேல் அதில் பேச எதுவுமில்லை.

நம்முடைய பகுதிக்கென்று ஒரு பலம் இருக்கிறது. இங்கே கலியாணம் முடித்த பெண் பெரும்பாலும் தாய் வீட்டிலோ அதே வளவிலோதான் இருப்பாள், புருஷன்தான் வந்து சேர்வான். தமிழ் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் இதுதான் வழக்கம். அதனால் ஓட்டிசமுள்ள பிள்ளையின் தாயைச் சுற்றி அவளுடைய தாயும் சகோதரிகளும் இருக்கிறார்கள். தாய் வெளிநாடு போயிருந்தாலும் பிள்ளை அம்மம்மாவிடம் இருக்கிறது. பயிற்சிக்குத் தாயை மட்டும் கூப்பிடாதீர்கள். வளவையே கூப்பிடுங்கள். சின்னம்மா ஒருத்தி கற்றுக்கொண்டால் தாய் ஒருநாள் நிம்மதியாகச் சந்தைக்குப் போய்வரலாம். இதே ஏற்பாட்டில் ஒரு சங்கடமும் உண்டு. சின்னம்மாவுக்குக் கலியாணம் பேசும் காலம் வந்தால், குடும்பத்தில் இப்படியொரு பிள்ளை இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று பிள்ளையை அறைக்குள் வைத்துவிடுவார்கள். உங்களையும் கொஞ்சக் காலம் வரவேண்டாம் என்பார்கள். கோபிக்காதீர்கள். நிறுவனத்தின் பெயர் எழுதிய வாகனத்தை வாசலில் நிறுத்தாமல், சொந்த மோட்டார் சைக்கிளில் சாதாரண உடுப்பில் போங்கள். வருகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கோயிலுக்கும் ஓதுபவரிடமும் கொண்டுபோவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் விரைவில் எதிர்கொள்வீர்கள். நூல் கட்டுவதோடும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதோடும் சண்டை பிடிக்காதீர்கள். நம்பிக்கை இழந்த குடும்பத்துக்கு அவை ஆறுதல் தருகின்றன. பிள்ளையை அடிப்பதையும் புகைக்குள் இருத்துவதையும் மட்டும் எதிர்த்து நில்லுங்கள். உடலிலுள்ள உலோகத்தை அகற்றும் ஊசி என்றும், இலட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டிசத்தை 'முற்றாகக் குணமாக்கும்' மருந்து என்றும் விற்பவர்களை அதைவிடக் கடுமையாக எதிர்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அப்படியான உலோக அகற்றல் சிகிச்சையின்போது இறந்தான். காணியை ஈடு வைத்து அப்படிப்பட்ட மருந்து வாங்கிய குடும்பங்களை நான் இங்கே கண்டிருக்கிறேன்.

அறிக்கையின் நிரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின்னரும் 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் இங்கே வந்த எத்தனையோ நிறுவனங்கள், எத்தனை பேருக்கு எதைக் கொடுத்தோம் என்று எண்ணிவிட்டுத் திட்டம் முடிந்ததும் போய்விட்டன. ஓட்டிசம் திட்டக் காலத்துக்குள் முடிகின்ற விடயம் அல்ல. பிள்ளை பேசிய சொற்களை எண்ணித் தரச் சொன்னால் தாருங்கள், ஆயினும் அதன் கீழே, இரவில் தாய் எத்தனை மணித்தியாலம் தூங்குகிறாள், பிள்ளை முன்பள்ளியில் எவ்வளவு நேரம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தாயிற்றா, பாடசாலை பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் போனதா என்பவற்றையும் எழுதுங்கள். இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை 2016ஆம் ஆண்டில் ஏற்றுறுதி செய்திருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை மட்டும் அனுப்பாதீர்கள். சம்மதப் படிவத்தில் தாய் கையெழுத்திட்டிருந்தாலும், உதவி நின்றுவிடும் என்ற பயத்தில் இட்ட கையெழுத்து அது.

உங்கள் கடிதம் முழுவதிலும் 'பிள்ளை' என்றே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பட்டியலில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர்? ஓட்டிசம் வாழ்நாள் முழுவதும் இருப்பது. நம் ஊர்களில் இருபத்தைந்து, முப்பது வயது ஆண்களும் பெண்களும் எந்தப் பெயரும் எந்தப் பதிவும் இல்லாமல் 'புத்தி குறைந்தவர்' என்று வீட்டின் பின்புறத்தில் இருக்கிறார்கள். அவர்களின் தாய்மாருக்கு இப்போது அறுபது வயது. தங்களுக்குப் பிறகு யார் என்ற ஒரே யோசனையுடன் இரவைக் கழிக்கிறார்கள். நெசவிலும், தோட்ட வேலையிலும், கடையில் பொருட்களை வகைப்படுத்தி அடுக்குவதிலும் ஆர்வத்துடன் ஈடுபடக்கூடியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. பெரும்பாலான நன்கொடையாளர்கள் சிறுபிள்ளைகளுக்கே பணம் தருவதால் நிறுவனங்களும் அந்த வீடுகளுக்குப் போவதில்லை. உங்கள் அடுத்த பணியாளர் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். பதினெட்டு வயது நிறைந்ததும் ஒருவரின் கோப்பை மூடிவிடுகிறீர்களா என்று பணிப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா