நோட்டீஸில் எழுதும் நஷ்டமே உங்கள் வழக்கைக் கெடுக்கும்

கேள்வி: ஓசூர் பாகலூர் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய டிக் (TIG) வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கினேன். அதில் டார்ச் சுவிட்ச், அதாவது வெல்டிங் செய்யக் கையில் பிடிக்கும் பிடியில் உள்ள சுவிட்ச், மட்டுமே உண்டு. மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டுக்கு ஆம்பியரைக் காலால் கூட்டிக் குறைக்கலாம் என்று இணையத்தில் ஒரு ஃபுட் பெடல் வாங்கி, தர்மபுரியில் உள்ள மெக்கானிக்கிடம் மெஷினோடு கொடுத்தேன். 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பொருத்தித் தந்தார். பட்டறையில் பெடலை மிதித்ததும் புகை வந்து கன்ட்ரோல் போர்டு எரிந்துவிட்டது. புது போர்டு 38,000 ரூபாய். கேட்கப் போனபோது என் ஆட்கள் முன்னிலையில் கேவலமாகப் பேசினார். போலீஸில் புகாரை வாங்கவில்லை. கைநழுவிய கம்பெனி ஆர்டர்கள், ஆட்களுக்குக் கொடுத்த சும்மா சம்பளம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 5 லட்சம் கேட்டு நோட்டீஸ் எழுதிவைத்திருக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: அவர் பேசிய பேச்சை விட்டுவிடுங்கள். போலீஸையும் விட்டுவிடுங்கள், வேலையைத் தவறாகச் செய்வது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகிவிடாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: நீங்கள் நுகர்வோரா, வணிகரா?

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ பெற்றவரை வெளியே நிறுத்துகிறது. பிழைப்புக்காகத் தானே உழைக்கும் சுயதொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு. 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. சொந்தமாக ஆட்டோ ஓட்டுபவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. ஆனால் இயந்திரத்தை வாங்கி ஆட்களை வைத்துப் பெரிய அளவில் தொழில் நடத்துபவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே உங்கள் பட்டறையில் டார்ச்சைப் பிடிப்பது நீங்களா, உங்கள் ஆட்களா என்பதே முதல் கேள்வி. இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய சட்டத்தின் விலக்கில் சேவையும் இருந்தது. புதிய சட்டத்தில் பொருளை மட்டுமே சொல்கிறார்கள். நீங்கள் கூலி கொடுத்தது சேவைக்கு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைக் கட்டாயம் எடுப்பார்.

உங்கள் பக்கம் ஒரு பலம் இருக்கிறது. சேவை வணிக நோக்கத்துக்கானது என்று நிரூபிக்கும் சுமை சேவை அளித்தவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த மெக்கானிக் எங்கே போய் உங்கள் வரவுசெலவை நிரூபிப்பார்? அவருக்கு அந்தச் சிரமமே வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுக்கப் போகிறீர்கள்! "கம்பெனி ஆர்டர்கள் போயின", "ஆட்களுக்குச் சும்மா சம்பளம் கொடுத்தேன்" என்று உங்கள் கையெழுத்தோடு போகும் நோட்டீஸை அவர் வழக்கறிஞர் அப்படியே ஆணையத்தின் முன் வைப்பார். தொகையை ஏற்றுவதற்காக நஷ்டக் கணக்கை ஊதிப்பெருக்கி, அதனாலேயே மனு தள்ளுபடியாகி வெளியே வந்த கட்சிக்காரர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. அந்த நோட்டீஸைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

சிவில் நீதிமன்றத்தில் 5 லட்சம் கேட்கலாமே என்பீர்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73இன்படி, மீறலால் இயல்பாக விளையும் நஷ்டமும், ஒப்பந்தத்தின்போதே இருவரும் அறிந்திருந்த நஷ்டமுமே கிடைக்கும். எந்த ஆர்டர் காத்திருக்கிறது என்று பெடல் கொடுத்த அன்று அவரிடம் சொன்னீர்களா?

அடுத்த ஆபத்து, எரிந்த போர்டு. புது போர்டு விற்பவர் பழையதைக் கேட்பார். கொடுத்துவிட்டால் வழக்கும் அதோடு போய்விடும். பெடலுக்குள் ஒரு சுவிட்ச்சும் மிதிக்கும் அளவுக்கு ஏற்ப ஆம்பியரைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் இருக்கின்றன. 14 பின் சாக்கெட் உள்ள பல மெஷின்களில் சுவிட்ச் வழியில் 24 வோல்ட் ஏசி ஓடும். ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் வழியில் 10 வோல்ட் டிசிக்குள்தான். கம்பி மாறினால் போர்டு தாங்காது. உங்கள் மெஷினில் நடந்தது இதுதானா என்று போர்டும் பெடலும் அவர் போட்ட இணைப்பும் அப்படியே இருந்தால்தான் நிபுணர் சொல்ல முடியும். புது போர்டு மாட்டுவதற்கு முன் இணைப்பைப் படம் எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அதைச் சாட்சியமாக்கப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63 சான்றிதழ் வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் அவரிடம் ஒரு பதில் இருக்கிறது: பெடலை வாங்கிக் கொடுத்தவர் நீங்கள், மெஷினும் பழையது. எந்தக் கம்பி எதற்கு என்று அளந்து பார்த்து இணைப்பது அவர் கடமை என்று நாம் வாதாடலாம், அதில் வலு உண்டு. ஆனால் பில் இல்லாத வேலையில் என்ன பேசினீர்கள் என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் செய்துகொள்ளுங்கள். போர்டும் கூலியும் சேர்ந்து 44,500 ரூபாய். வழக்கின் உண்மையான மதிப்பு அவ்வளவுதான். 30,000 தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி முடிக்காதீர்கள். தர்மபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். அங்கே லோக் அதாலத்தில் முடியும் சமரசத்துக்கு சிவில் தீர்ப்பாணையின் பலம் உண்டு. தவணையாகத் தருவதாக இருந்தால் தேதிகளையும், தவறினால் முழுத்தொகையும் உடனே தர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். முழுப்பணமும் கைக்கு வரும்வரை "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று எதிலும் கையெழுத்திடாதீர்கள். பேச்சு நடக்கிறது என்பதற்காக நுகர்வோர் சட்டத்தின் இரண்டு ஆண்டுக் கெடு நின்றுவிடாது. போர்டு எரிந்த தேதியைக் குறித்துவைத்துக்கொண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழு மனுவை இந்த வாரமே கொடுங்கள்.